கடைசி வண்டிக்காரர்

டெட்ராய்ட் புறநகர்களில் குடியிருப்பவர்களுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வயது ஐம்பதுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கும். பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக் கடன் முடியும் தறுவாயில். இந்த வயதில் மிச்சிகன்காரர் ஒருவர் மீன் பிடிக்கப் போகலாம், சர்ச் கமிட்டியில் சேரலாம், ரத்தக்கொதிப்பு மாத்திரை போட்டுக்கொண்டு பேசாமல் தூங்கலாம். இதில் எதையும் செய்யாமல், 485 குதிரைத்திறன் உள்ள பழைய கார் ஒன்றைத் தேடி இரவு இரண்டு மணிவரை போனை நோண்டிக்கொண்டிருப்பவர் யாரோ, அவரே கடைசி வண்டிக்காரர்.

அவரிடம் ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது. மனைவியிடமும் ஒன்று இருக்கிறது, அது மின்சாரக் கார். ஆகவே தேவை என்ற பேச்சுக்கே இடமில்லை. “இனிமே கிடைக்காது” என்பதுதான் காரணம். வி8 எஞ்சின் ஒழியப் போகிறது. கலிபோர்னியாவில் 2035-க்குப் பிறகு பெட்ரோல் கார் கிடையாது. மற்ற மாநிலங்களும் பின்னாலேயே போய்விடும். ஆகவே இப்போதே ஒன்றை வாங்கி வைத்துவிட வேண்டும். கலிபோர்னியா 2022-ல் போட்ட விதி புதுக் கார் விற்பனைக்குத்தான், பழைய காரை வைத்திருக்கவோ ஓட்டவோ விற்கவோ அதில் தடையில்லை என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தடை வராவிட்டால் அவசரம் எங்கிருந்து வரும்? அவசரம் இல்லாவிட்டால் கடன் எப்படி வாங்குவது?

இதில் வேடிக்கை அவர் பகலில் பார்க்கும் வேலை. எங்கள் பக்கத்துக் கடைசி வண்டிக்காரர்கள் பலருக்கு மின்சாரக் காரில்தான் சம்பளம். காலை எட்டு மணியிலிருந்து பேட்டரி சூடாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மீட்டிங். பெட்ரோல் எஞ்சினின் காலம் முடிந்துவிட்டது என்று மேலதிகாரிகளுக்குப் படம் போட்டுக் காட்டுவார். அந்தப் படத்தைத் தயாரித்த கையோடு, அதே மேஜையில், அதே கம்ப்யூட்டரில், வி8 விளம்பரங்களைத் திறப்பார். தன் பேச்சை முழுமையாக நம்பிய ஒரே ஆள் அந்தக் கம்பெனியில் அவர்தான் என்று நினைக்கிறேன்.

மசில் கார் என்றால் என்ன என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் 1964-க்குப் போவார். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. போண்டியாக் பிரிவில் ஜான் டிலோரியனும் சகாக்களும் 389 கன அங்குல எஞ்சினைக் காரோடு வராத, வேண்டுபவர்கள் தனியாகக் காசு கொடுத்துக் கேட்டு வாங்கும் அயிட்டமாகப் பட்டியலில் நுழைத்துவிட்டார்கள். அதுதான் ஜிடிஓ. ஆக, பிறக்கும்போதே மேலிடத்தை ஏய்த்துப் பிறந்த குழந்தை. பிறகு மஸ்டாங், கமாரோ, சார்ஜர், சேலஞ்சர் என்று ஊரெல்லாம் புகை. அப்புறம் 1970-ன் காற்றுத் தூய்மைச் சட்டம், எகிறிய இன்ஷூரன்ஸ், 1973-ன் எண்ணெய்த் தட்டுப்பாடு என்று மூன்றும் சேர்ந்து கழுத்தை நெரித்ததில், 1974-ல் வந்த மஸ்டாங் 2-இல் வி8 எஞ்சினே இல்லை. இந்த இடத்தில் அவர் குரல் கம்மும். அப்போது அவருக்கு வயது இரண்டோ மூன்றோ இருந்திருக்கும்.

இரண்டாவது சாவு 2023 டிசம்பரில். கடைசி சேலஞ்சர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அதே மாதம் கமாரோவும் நின்றது. 2023-ல் செய்த சேலஞ்சர், சார்ஜர் ஒவ்வொன்றுக்கும் பானெட்டுக்கு அடியில் ‘லாஸ்ட் கால்’ என்று ஒரு தகடு அடித்துக் கொடுத்தார்கள். வியாபாரி என்றால் இப்படி இருக்க வேண்டும். வாங்குபவரின் துக்கத்தையே தகடாக வெட்டி அவருக்கே விற்றுவிட்டார்கள்.

விளம்பரம் படிப்பதில் அவர் பண்டிதர். ‘ஓடும் நிலையில்’ என்றால் தள்ள வேண்டும். ‘சின்ன வேலை இருக்கிறது’ என்றால் எஞ்சினை இறக்க வேண்டும். ‘ரேஸில் ஓட்டியதே இல்லை’ என்று எழுதியிருந்தால் பின் டயர் இரண்டும் புதிதாக இருக்கும், முன் டயர் பழசாக இருக்கும். ‘மனைவி விற்கச் சொல்கிறாள்’ என்பது ஒன்றுதான் நம்பத் தகுந்தது. எல்லா விளம்பரத்திலும் கடைசி வரி ஒன்றே: ‘பேரம் பேசுபவர்கள் வர வேண்டாம், என் வண்டியின் மதிப்பு எனக்குத் தெரியும்.’ அந்த வரியைப் பார்த்ததும் நம்மவருக்கு மரியாதை வந்துவிடும். அவரும் ஒருநாள் அந்த வரியை எழுத வேண்டியவர்தானே.

எங்கள் தெருக்காரர் டொலிடோவுக்கு வண்டி பார்க்கப் போனபோது என்னையும் அழைத்துக்கொண்டார். வாங்கிவிட்டால் திரும்பும்போது பழைய வண்டியை ஓட்டிவர ஆள் வேண்டுமாம். பார்க்கப் போனது 2019 மாடல் டாட்ஜ் சேலஞ்சர் ஸ்கேட் பேக், 6.4 லிட்டர் ஹெமி. முன்பக்கக் கிரில்லில் தேனீச் சின்னம். அவர் கோட்டுப் பையிலிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு காலுறை. அதற்குள் காந்தம். பெயின்ட் கீறாமலிருக்கக் காலுறை. தகரத்துக்குப் பதில் எங்கேயாவது பட்டி பார்த்து அடைத்திருந்தால் காந்தம் ஒட்டாமல் நழுவும். கதவு, சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, டிக்கியின் விளிம்பு என்று குந்தி உட்கார்ந்து தடவிக்கொண்டே போனார். முட்டியிலிருந்து வந்த சத்தத்தை விற்பவர் வண்டிச் சத்தம் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்து பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஜுரம் பார்ப்பது போலத்தான் இருந்தது. சூடாக இருந்தது.

“ஸ்டார்ட் பண்ணீங்களா?”

“இப்பத்தான் பால் வாங்கப் போய்ட்டு வந்தேன்” என்றார் விற்பவர்.

நம்மவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு விளக்கம் வழியில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. இந்த எஞ்சின்களில் சிலதுக்கு ஆறிக் கிடந்து ஸ்டார்ட் செய்யும்போது ‘டிக் டிக்’ என்று ஒரு தட்டல் கேட்கும். எக்ஸாஸ்ட் பக்கத்துப் போல்ட் ஒடிந்திருந்தால் சூடேறியதும் அடங்கிவிடும், செலவு குறைவு. கேம்ஷாஃப்ட்டும் லிஃப்டரும் தேய்ந்திருந்தால் அடங்காது, செலவுக்குக் கணக்கில்லை. வைத்திருப்பவர்களே இதற்கு ‘ஹெமி டிக்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஆகவே வாங்குபவர் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைப்பது விற்பவர் தர்மம். சூடாக இருந்தால் சந்தேகப்படுவது வாங்குபவர் தர்மம். இரண்டு தர்மத்துக்கும் நடுவில் நாங்கள் மூன்று பேரும் டொலிடோக் குளிரில், எஞ்சின் ஆறும்வரை, வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றோம்.

ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்தார்கள். எதிர்வீட்டு நாய் குரைத்தது. நம்மவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, சக்கரத்தின் பக்கம் காதை நீட்டினார். விற்பவரும் மூடிக்கொண்டார். என்னத்துக்கென்று தெரியாமல் நானும் மூடிக்கொண்டேன்.

“கேக்குதா?” என்றார் நம்மவர்.

“எனக்கு எல்லாமே கேக்குது” என்றேன்.

“அது இன்ஜெக்டர் சத்தம்” என்றார் விற்பவர். “எல்லா வண்டியும் அப்படித்தான் போடும்.”

கடைசியில் காதும் காந்தமும் தீர்மானிக்கவில்லை. சேஸிஸ் நம்பர், விபத்துச் சரித்திரம், டயர் தேதி எல்லாவற்றையும் சரிபார்த்த மனிதர், விற்பவர் ஒருதரம் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் செக் புத்தகத்தை எடுத்துவிட்டார். அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்கிறது என்பது உண்மைதான், மறுப்பதற்கில்லை. எனக்கே ஒரு கணம் என் வங்கி இருப்பு எவ்வளவு என்ற யோசனை வந்தது.

சேஸிஸ் நம்பர் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதன் முதல் எண் 2. அமெரிக்காவில் செய்த வண்டிக்கு 1, 4, 5 என்று தொடங்கும். 2 என்றால் கனடா. இந்த அமெரிக்க மசில் கார் ஒண்டாரியோ மாகாணத்து பிராம்ப்டனில் செய்தது. அடித்தளம், டெய்ம்லரோடு குடித்தனம் நடத்திய காலத்தில் மெர்சிடிஸிடமிருந்து வந்த சங்கதிகளைக் கொண்டது. ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஜெர்மானிய ஜெட்எஃப் கம்பெனியின் வடிவமைப்பு. தாய்க் கம்பெனியான ஸ்டெல்லாண்டிஸின் பதிவு நெதர்லாந்தில். நம்மவர் இதையெல்லாம் அறிந்தவர். அறிந்துகொண்டே பின்கண்ணாடியில் அமெரிக்கக் கொடியை ஒட்டினார்.

வீட்டில் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று ஊகிக்கத் தேவையில்லை, ஜன்னல் திறந்திருந்தது. இந்த வகைக் கணவர்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு வாதம்தான் உண்டு: ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய பச்சை மஸ்டாங். 1974-ல் ஒருவர் அதைச் சுமார் 6,000 டாலருக்கு வாங்கினார். குடும்ப வண்டியாகவே ஓடியது. 2020 ஜனவரியில் ஃபுளோரிடா ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குப் போனது.

“இது செலவு இல்ல, முதலீடு” என்றார் நம்மவர்.

“அந்த வண்டிய ஓட்டினது ஸ்டீவ் மக்வீன். இத ஓட்டினது யாரு?”

“டொலிடோவில ஒரு பல் டாக்டர்.”

அதற்குப் பிறகு ஜன்னலை மூடிவிட்டார்கள். முதலீட்டுக்கு 84 மாதத் தவணை.

வண்டி வந்தபின் நம்மவர் மாறிப்போனார். காரின் முன்பக்க உதட்டில் மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை ஒன்று இருக்கும். தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்கு லாரியில் வரும்போது கீறல் படாமலிருக்க மாட்டுவது. வந்ததும் கழற்றி எறிய வேண்டும். பல்லாயிரம் பேர் எறியவில்லை. நம் ஊரில் புதுக்கார் சீட்டின் பாலிதீன் உறையைக் கிழியும்வரை கழற்றாமல் அதன்மேல் வியர்த்து உட்கார்ந்திருப்போமே, அதே சித்தாந்தம். ஆனால் இங்கே அது இரண்டு கட்சியாகிவிட்டது. கழற்றியவர்கள் கழற்றாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கழற்றாதவர்கள் அதுதான் அழகு என்கிறார்கள். பல் டாக்டர் கழற்றாத கட்சி. நம்மவர் கழற்றினார், மறுநாள் மாட்டினார், பிறகு கழற்றிக் கராஜ் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். விற்கும்போது ‘ஒரிஜினல்’ என்று காட்டலாமாம்.

மைலேஜ் கேட்டால் பேச்சை மாற்றுவார். எஞ்சின் 6.4 லிட்டர், அரசாங்கக் கணக்குப்படி ஊருக்குள் லிட்டருக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய 6.4 கிலோமீட்டர். இப்படி ஒரு பொருத்தம் ஜாதகத்தில்கூட அமையாது. இன்ஷூரன்ஸ்காரர் சொன்ன தொகையைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார். காரணம் இந்த வண்டியின் ஒன்றுவிட்ட அண்ணன். கார் திருட்டுகளைப் பற்றி இன்ஷூரன்ஸ் துறையின் ஆய்வு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட கணக்கில், சராசரிக் காரைப்போல் 60 மடங்குக்கு மேல் களவு போய் முதலிடம் பெற்றது சார்ஜர் ஹெல்கேட். அன்று முதல் ஸ்டியரிங்குக்குக் குறுக்கே இரும்புத் தடி. சாவியின் சிக்னலை வெளியே நின்று யாரும் பிடித்துவிடாமலிருக்க, அது பிஸ்கட் டப்பாவில். அந்த வீட்டில் பிஸ்கட் சாப்பிட ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சாவியைக் கடித்திருப்பார்கள்.

இத்தனையும் எதற்கு, எங்கே ஓட்டுகிறார் என்று கேளுங்கள். மிச்சிகனில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். உப்பு பட்டால் வண்டி துருப்பிடிக்கும். ஆகவே அக்டோபரில் போர்வை போர்த்தினால் ஏப்ரலில்தான் எடுப்பது. ஓடாத வண்டியின் பேட்டரி செத்துவிடுமே? அதற்கு ஒரு சின்ன சார்ஜர். குளிர்காலம் முழுக்க அந்தக் கராஜில் இரண்டு கார்களும் சுவர் பிளக்கில் ஒயரைச் செருகிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதில் ஒன்று தினமும் வேலைக்குப் போய் வரும். பனி கொட்டும் காலையில் நம்மவர் அதைத்தான் இரவல் கேட்பார்.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை அவருடைய திருவிழா. 1995-லிருந்து நடக்கும் உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ். ஃபெர்ண்டேலிலிருந்து போண்டியாக் வரைக்கும் உட்வர்ட் சாலையில் ஆயிரக்கணக்கான பழைய வண்டிகள், இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்த ஜனக்கூட்டம். அத்தனை குதிரைத்திறனும் ஒன்றன்பின் ஒன்றாக நடைவேகத்தில் ஊர்ந்து போகும். ஒரு தடவை நம்மவரை ஒரு குழந்தைவண்டி தாண்டிப் போனதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை, கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சாலையின் வடகோடியில் இருக்கிற போண்டியாக் ஊரில்தான் பராசக்தி கோயில் இருக்கிறது. டிராய், நோவை, கேன்டன் பக்கத்துத் தமிழர்கள் கார் வாங்கினால் அங்கேதான் பூஜை. நம் ஆட்களிலும் கடைசி வண்டிக்காரர்கள் இருக்கிறார்கள். எம்.எஸ். படிக்க வந்து, கார்க் கம்பெனியில் சேர்ந்து, மஸ்டாங் ஆசையை மனசுக்குள் புதைத்துக்கொண்டு கொரொல்லா ஓட்டிய தலைமுறை. இவர் வாங்கும் மஸ்டாங் சாம்பல் நிறம்தான், சிவப்பு வாங்கினால் ரீசேல் போய்விடும். எலுமிச்சம்பழம் அந்தப் பின் டயருக்கு ஈடுகொடுப்பதில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் பின்சீட்டில் மடங்கி உட்கார்ந்துகொண்டு, “மாப்ளே, ரெண்டு கதவுதான் குடுத்தானா?” என்று கேட்பார்.

சத்தமில்லாத எதிரியை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் நம்மவர். டாட்ஜ் கம்பெனியே கொண்டுவந்த மின்சார சார்ஜர் டேடோனா. எஞ்சின் இல்லாத அந்தக் காருக்கு ஒலிபெருக்கி, காற்றறை எல்லாம் வைத்துச் செயற்கையாக உறும வைத்திருக்கிறார்கள். 126 டெசிபெல், ஹெல்கேட்டுக்குச் சமம் என்று அறிவிப்பு வேறு. “வாயசைப்புக் கச்சேரி!” என்று கொதித்தார். ஷோரூம் வாசலில் அது உறுமியபோது தன் தலை தானாகத் திரும்பியது என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் 2025 வந்தது. ஜூன் மாதம் கலிபோர்னியா விதியை ரத்து செய்யும் தீர்மானத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். மாநிலம் வழக்குக்குப் போனது. செப்டம்பர் 30-ஆம் தேதியோடு புது மின்சாரக் காருக்கான 7,500 டாலர் வரிச்சலுகை முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கைவிட்ட ஹெமி எஞ்சினை ராம் 1500 பிக்கப்பில் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்துவிட்டார்கள். அதுவும் சாதாரணமாக அல்ல, பக்கவாட்டில் ‘எதிர்ப்பின் சின்னம்’ என்று தனி முத்திரை அடித்து.

தெருவே அவருக்கு வாழ்த்துச் சொன்னது. அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பெட்ரோல் எஞ்சின் பிழைத்துவிட்ட செய்தி கேட்டு இந்த ஊரில் மனம் உடைந்த ஒரே ஆள், அதற்காக உயிரைக் கொடுப்பேன் என்று சொல்லித் திரிந்தவர். பாவம், அவர் கணக்கு வேறு. உலகம் அழியப் போகிறது என்று நம்பிக் கடன் வாங்கியாயிற்று. உலகம் அழியவில்லை. தவணை இருக்கிறது.

ஆறுதலுக்காக 1976-ன் காடிலாக் எல்டொராடோ கதையைச் சொன்னேன். அமெரிக்காவின் கடைசித் திறந்த கார் என்று சொல்லி விற்றார்கள். கடைசி 200 வண்டிகள் ஒரே மாதிரி வெள்ளை நிறத்தில். ஜனங்கள் போட்டி போட்டு வாங்கி ஓட்டாமல் பூட்டி வைத்தார்கள். 1984-ல் காடிலாக்கே திறந்த காரை மறுபடி கொண்டுவந்தது. பூட்டி வைத்தவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். “உங்க மஸ்டாங் 2-க்குக்கூட அடுத்த வருஷமே, 1975-லயே, வி8 வந்துடுச்சே” என்றும் சேர்த்துச் சொன்னேன். ஆறுதல் சொல்லும் கலை எனக்குக் கைவராதது. அவர் முகம் இன்னும் தொங்கிப்போனது.

ஒரு வாரம் தெருவில் நடமாட்டமே இல்லை. பிறகு ஒரு மாலை, குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்ததும் தொட்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்தார். கண்ணில் பழைய பளபளப்பு.

“ஆறு சிலிண்டர்ல புது சார்ஜர் வந்திருக்கு தெரியுமில்ல? அதுல ஆட்டோமேடிக் மட்டுந்தான். கிளட்ச் கிடையாது. கமாரோ போயாச்சு. கையால கியர் போடுற காலம் முடிஞ்சுது. இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் தேடினாலும் கிடைக்காது.”

“மஸ்டாங்ல இன்னும் குடுக்குறாங்களே?”

“எத்தனை நாளைக்கு?” என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு வீட்டு ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். “கென்டக்கியில ஒரு ஸ்கேட் பேக் இருக்கு. ஆறு கியர், மேனுவல். ஓட்டினது ஒரு ரிட்டயர்டு டீச்சராம். சனிக்கிழமை உங்களுக்கு ஏதும் வேலை இருக்கா?”